பேசாத தெய்வத்துக்கு ஒரு கொப்பி

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
16.01.2006

மச்சான் மரியதாசனுக்கு,

நான் சுகமில்லை. நீர் சுகமாகத்தான் இருக்கிறீர் என்பது நேற்றுக் கோயில் நிலவறையில் நீர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு தங்கச்சியை உமக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒரே நகரத்தில் இருந்துகொண்டு, உமக்குத் தபாலில் கடிதம் எழுதுகிறேன் என்றால் காரணம் உமக்குத் தெரியும். தொண்டையில் வெட்டிய இடம் ஆறும்வரை ஒரு சத்தமும் வரக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். குசுகுசுக்கவும் கூடாதாம். இல்லாவிட்டால் நேற்றே அந்த நிலவறை அதிரக் கேட்டிருப்பேன்.

கொப்பி கொடுக்கிற நாள் என்றால் என்ன என்று உமக்கு நான் படிப்பிக்க வேண்டியதில்லை. கூத்தில் ஆடப்போகிற ஒவ்வொருவரையும், பழக்குகிற அண்ணாவியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் பாட்டு எழுதிய கொப்பியை வெற்றிலையோடு கையில் தருவார். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் அவன் கூத்துக்காரன். இந்த முறை அண்ணாவியார் நீர். அம்புறோஸைக் கூப்பிட்டீர். தகப்பன் தெய்வம், தடித்த கொப்பி. றொக்சனைக் கூப்பிட்டீர். ஓநாய். பார ஊர்தி ஓட்டுகிற அந்தத் தடியனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அவனுக்கும் பிரெஞ்சு எழுத்தில் பாட்டு எழுதிய கொப்பி இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டீர். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு வந்தேன்.

"மச்சான், உமக்குக் கொப்பி இல்லை. நீர் கதைக்காத சாமி" என்றீர். வெற்றிலையை மட்டும் தந்தீர். சனம் சிரித்தது.

அந்த வெற்றிலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சப்பவும் டாக்குத்தர் விடமாட்டார்.

நான் மேடை ஏறிய நாளிலிருந்து அரசனைத் தவிர வேறு வேஷம் கட்டியதில்லை. போன வருஷம் அந்தோனியார் திருநாளில் என் பாட்டு நீண்டுபோய் உம்முடைய மத்தளக்காரனுக்குக் கை வீங்கியது. அதற்குத்தான் இந்தப் பழி என்று எனக்கு விளங்குகிறது. நல்லாய் வாங்கினீர். நான் விலகுகிறேன்.

ஆனந்தராசா

பி.கு: என் வீட்டுக்காரி இமெல்டா உங்கள் பலகாரப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாளாம், அதற்குள்ளே பயித்தம் உருண்டையும் இருக்கிறதாம். அது அவளுடைய அலுவல். என் கோபம் அதில் சேராது.


பியர்பொன்ட்ஸ்
19.01.2006

அன்புள்ள மச்சான்,

கடிதம் வந்தது. உறையைப் பிரிக்கும்போதே உம்முடைய சத்தம் கேட்டது. டாக்குத்தருக்குச் சொல்ல வேண்டாம்.

சத்தியமாக அது பழி இல்லை. பேசாதவனுக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை, விட்டுவிட்டேன். சனத்துக்கு முன்னால் நீர் வெறுங்கையோடு நிற்பது எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. உம்முடைய தங்கச்சி செல்வமலர் வீடு வந்து சேரும்வரை காருக்குள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. ஆக, இந்தக் குடும்பத்தில் இப்போது பேசாத தெய்வங்கள் இரண்டு.

உமக்குக் கதையே ஒழுங்காகத் தெரியாது என்று நினைக்கிறேன். நீர் ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமைதான் நகரசபையில் சீட்டுக் குலுக்கினார்கள். பனிக்கால விழாவில் ஒவ்வொரு சமூகமும் வேறொரு சமூகத்தின் கதையை நடிக்க வேண்டுமாம். கிரேக்கருக்கு ஜப்பான் விழுந்தது. எங்களுக்கு வடதேசம் விழுந்தது, நோர்வேக்காரரின் பழைய தெய்வங்கள். "வேறை சீட்டு எடுக்கலாமோ?" என்று கேட்டேன். நகரசபைப் பெண் சிரித்துக்கொண்டு "மெர்சி" என்று நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டா.

ஓடின் என்று ஒரு தகப்பன் தெய்வம். உலகம் முடிகிற நாளில் பெரிய ஓநாய் ஒன்று வந்து அவனை விழுங்கிவிடும். அவனுக்கு விதார் என்று ஒரு மகன். மற்றத் தெய்வங்கள் எல்லாம் வீரம் பேசிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்க, இவன் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மூலையில் இருப்பான். இருந்தாலும் தகப்பனுக்காக அந்த ஓநாயைப் பழிவாங்குகிறவன் அவன்தான். அவனுக்கென்று ஒரு சப்பாத்து இருக்கிறது. மனிதர்கள் தங்கள் சப்பாத்துத் தைக்கும்போது பெருவிரல் பக்கத்திலும் குதிப் பக்கத்திலும் வெட்டி எறிகிற தோல் துண்டெல்லாம் அந்தச் சப்பாத்துக்குப் போய்ச் சேருமாம். காலாகாலமாக அப்படிச் சேர்ந்து தடித்த சப்பாத்து அது. அவனைப் பற்றி அங்கேயே பலருக்குத் தெரியாது என்று சொல்கிறார்கள்.

இனி, ஏன் உம்மைக் கேட்டேன் என்பது. பாட்டில்லாமல் மேடையில் நின்று சனத்தின் கண்ணைப் பிடித்து வைக்க எங்களில் வேறு யாரால் முடியும்? அம்புறோஸ் பாடாமல் நின்றால் பஸ்ஸுக்கு நிற்பது போல இருக்கும். மற்றது, இந்தக் குளிர்காலம் முழுக்க நீர் யன்னலைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை எழுத வேண்டாம், உமக்குக் கோபம் வரும் என்று செல்வமலர் சொன்னாள். எழுதிவிட்டேன்.

விலகுகிற கடிதத்தை நான் ஏற்கவில்லை. பயித்தம் உருண்டையை ஏற்றுக்கொண்டேன்.

மரியதாசன்


பார்க் எக்ஸ்டென்ஷன்
23.01.2006

மச்சான்,

நான் இன்னும் விலகித்தான் இருக்கிறேன். ஆனாலும் சில பிழைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இமெல்டா நூலகத்தில் அந்தத் தெய்வங்களைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று எடுத்து வந்தாள். அவள் வேலை செய்கிற கார்டரியில் தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளுக்கு வாசிக்கிற மாதிரியே, குரலை ஏற்றி இறக்கி எனக்கு வாசித்துத் தமிழில் சொன்னாள். நானும் அந்தப் பிள்ளைகளைப் போலவே வாய் பேசாமல் கேட்டேன். அம்புறோஸிடம் வாங்கிப் பார்த்த உம்முடைய கூத்திலே விதார் வாளை உருவி ஓநாயைக் குத்துகிறான். அப்படியும் ஒரு பாடம் இருக்கிறதாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மற்றப் பாடம்தான் பாடம். சப்பாத்துக் காலை ஓநாயின் கீழ்த்தாடையில் ஊன்றி, கையால் மேல்தாடையைப் பிடித்து, வாயை இரண்டாகக் கிழிக்கிறான். சப்பாத்தை அவ்வளவு காலம் தைத்து வைத்துவிட்டு, கடைசியில் வாளால் குத்துகிற அண்ணாவியாரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அடுத்தது, வரவு. கூத்தில் வரவுப் பாட்டு இல்லாமல் ஒருவன் எப்படி மேடைக்கு வருவான்? திரையை விலக்கிக்கொண்டு சும்மா நடந்து வருவதா? கச்சான் விற்க வருகிறவன்கூடச் சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவான்.

இன்றைக்கு வேலைக்குப் போனேன். வெட்டுகிற மேசையில் பேச்சுத் தேவையில்லை என்று முதலாளி விட்டார். தோல் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டினேன். மேசைக்குக் கீழே பார்த்தால் கணுக்கால் உயரத்துக்குத் துண்டு. இத்தனை வருஷம் அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டிருக்கிறேன். இன்றைக்கு ஒரு பையில் அள்ளிப் போட்டேன். ஏன் என்று கேளாதேயும்.

இனி எழுதப்போவதை இமெல்டாவுக்கும் காட்டவில்லை. காலையில் முகம் கழுவும்போது நான் ஒரு அடி பாடிப் பார்ப்பது உமக்குத் தெரியும். மேல் வீட்டுக்காரன் தரையில் தட்டுவான். இப்போது கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறக்கிறேன், மூடுகிறேன். மேல் வீட்டிலும் சத்தமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். குரல் திரும்பி வராவிட்டால் நான் ஆர்? இந்த நேரம் பார்த்து மேடையில் வாயை மூடிக்கொண்டு நின்றால், "ஆனந்தராசாவின்ரை கதை முடிஞ்சுது" என்று சனம் சொல்லாதா? சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருக்கிறது.

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வாளை எடுக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆனந்தராசா


பியர்பொன்ட்ஸ்
26.01.2006

அன்புள்ள மச்சான்,

வாளை எடுத்துவிட்டேன். றொக்சனுக்கு இப்போது அட்டையில் ஒரு தாடை செய்கிறோம், கீழ்த்தாடைக்குள் பலகை வைத்து. நீர் மிதித்தால் தாங்கவேண்டும் அல்லவா? ஆர் மிதிக்கிறார்கள் என்பது பிறகு பார்ப்போம்.

வரவுக்கு வழி கண்டுபிடித்தேன். மற்றவர்கள் எல்லோரும் பாட்டோடு வருவார்கள். விதார் வரும்போது பிற்பாட்டுக்காரர் வாயை மூடுவார்கள், மத்தளம் மட்டும் அடிக்கும். அதற்கு ஏற்ற மாதிரிக் கால் மிதித்து வரவேண்டும். நேற்று அம்புறோஸை வைத்து ஒத்திகை பார்த்தோம். படியில் சறுக்கினவன் மாதிரி வந்தான்.

குரலைப் பற்றி. வரும் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் எனக்குத் தெரியாது, தெரியாததை எழுதினால் நீர் கண்டுபிடித்துவிடுவீர். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீர் பாடத்தொடங்க முதல் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு கணம் நிற்பீர் அல்லவா? சனம் அந்த இடத்தில்தான் பிள்ளைகளின் வாயைப் பொத்தும். நான் ஒவ்வொரு வருஷமும் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கணத்தை அரை மணித்தியாலத்துக்கு இழுத்தால் அதுதான் விதார்.

சனிக்கிழமை நானும் செல்வமலரும் வருகிறோம். வெற்றிலை இந்த முறை தனியாக வராது. கதவைத் திறக்காவிட்டால் வெளியில் குளிருக்கு அது கறுத்துப்போகும், பாவம் உமக்குத்தான்.

மரியதாசன்


பார்க் எக்ஸ்டென்ஷன்
30.01.2006

மச்சான்,

சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் இருந்த இருப்பைப் பார்த்து இமெல்டா இன்னும் சிரிக்கிறாள். எனக்குப் பேச முடியாது, உமக்குப் பேச்சு வரவில்லை. பெண்கள் இரண்டு பேரும் ஊர் உலகம் எல்லாம் கதைத்து முடித்தார்கள். நீர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எழும்பி நின்று, என் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டீர். எங்கள் சின்னக் குசினிக்குள் அண்ணாவியார் குரல்! வெற்றிலைக்குக் கீழே கொப்பி இருந்தது. நீர் இருக்கும்போது நான் அதைத் திறக்கவில்லை. கண்ணில் ஒற்றினேன், அவ்வளவுதான்.

நீங்கள் போன பிறகு திறந்தேன். பக்கம் பக்கமாக வெறும் தாள், ஒவ்வொன்றிலும் மேலே உம்முடைய எழுத்தில் ஓரிரண்டு வரி.

"இந்த இடத்தில் தெய்வங்கள் எல்லாம் தங்கள் பெருமையைப் பாடும். நீர் பாட வேண்டாம்."

"இந்த இடத்தில் ஓநாய் உமது தகப்பனை விழுங்கும். பேச வேண்டாம்."

"இந்த இடத்தில் சனம் எல்லாம் உம்மைப் பார்க்கும். பேச வேண்டாம்."

நான் வாங்கின கொப்பிகள் எல்லாம் அலுமாரியில் இருக்கின்றன. ஒன்றையும் வாசித்து நான் அழுததில்லை. இதை வாசித்து அழுதேன். சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று உமக்குத் தெரியாது. கோபம் போய்விட்டது என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் போய்விட்டது.

சப்பாத்தை நானே தைக்கிறேன். என்னுடைய பையில் இருந்த துண்டு மட்டும் போதாது, ஊராரின் துண்டு சேரவேண்டும் என்பதுதானே கதை? நேற்றுப் பூசை முடிய இமெல்டா எழும்பி, வீட்டில் அறுந்த தோல் எது இருந்தாலும் தாருங்கள் என்று கேட்டாள். பெல்ட்டுகள், கைப்பை வார், மணிக்கூட்டுப் பட்டி எல்லாம் வந்துவிட்டன. மாக்கிரட் அக்கா தான் கனடாவுக்கு வந்து இறங்கிய நாளில் போட்டிருந்த செருப்பின் நுனியைத் தன் கையாலேயே வெட்டித் தந்தா. பாதர்கூட ஒரு பழைய கையுறையைத் தந்துவிட்டு, "அஞ்ஞானத் தெய்வத்துக்கு நான் தந்ததாய் எழுதிப்போடாதேங்கோ" என்றார்.

டாக்குத்தர் இன்னும் பொறுக்கச் சொல்கிறார். புண் ஆறவில்லையாம். பொறுக்கிறேன். சப்பாத்து ஒரு காலுக்கு மட்டும்தான், ஆனால் தூக்கிப் பார்த்தால் ஒரு கோழி அளவு பாரம். ஒத்திகைக்கு வருகிறேன்.

ஆனந்தராசா


பியர்பொன்ட்ஸ்
21.02.2006

அன்புள்ள மச்சான்,

ஞாயிற்றுக்கிழமை நீர் முகப்பூச்சையும் கழுவாமல் போய்விட்டீர். பனி கொட்டத் தொடங்கிவிட்டது என்று இமெல்டா அவசரப்படுத்தினாளாம். உம்மைக் காணாமல் சனம் என்னைப் பிடித்துக்கொண்டது. நீர் மேடையில் முன்னால் நின்றீர், பக்கத்தில் இருந்து நான் பார்த்ததை உமக்குச் சொல்லவேண்டும்.

உம்முடைய வரவுக்கு மத்தளம் தொடங்கியபோது மண்டபத்தில் இன்னும் கதிரை இழுக்கிற சத்தம். சப்பாத்துக் காலை முதல் மிதி மிதித்தீர். பிறகு ஒரு கதிரையும் அசையவில்லை. தெய்வங்கள் பெருமை பாடும்போது நீர் ஓரமாக நின்றீர். சனம் பாடுகிறவர்களை விட்டுவிட்டு உம்மைப் பார்த்தது. நான் எழுதிய பாட்டு எல்லாம் வீணாய்ப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அம்புறோஸின் கதையை இப்போது சொல்லலாம். றொக்சன் தாடையை விரித்துப் பிடித்திருக்கிறான், அம்புறோஸ் அதற்குள் நின்று கடைசிப் பாட்டைப் பாடவேண்டும். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நான் அடியெடுத்துக் கொடுத்தேன், அட்டைத் தாடைக்குள் அவனுக்குக் கேட்கவில்லை. றொக்சன் விரித்துப் பிடித்த தாடை பாரத்தில் மெல்ல இறங்கத் தொடங்கிவிட்டது. அப்போது உம்மைப் பார்த்தேன். உமக்கு அந்தப் பாட்டு தெரியும், உமக்குத் தெரியாத பாட்டு ஏது? உம்முடைய கழுத்து நரம்பு எழும்பியது, வாய் திறந்தது. "ஐயோ, கத்தப்போறார், தொண்டை போகப்போகுது" என்று எனக்குக் கைகால் ஓடவில்லை.

நீர் வாயை மூடினீர். சப்பாத்துக் காலைத் தூக்கி நிலத்தில் அடித்தீர். தகதிமி, ஒரு இடைவெளி, மறுபடி தகதிமி. அந்தப் பாட்டின் மிதி! மத்தளக்காரன் உடனே பிடித்துக்கொண்டான். இரண்டாம் சுற்றில் அம்புறோஸுடைய முகம் வெளித்தது, பாட்டு வந்துவிட்டது. தகப்பன் சாகப்போகிறான் என்று மகன் நிலத்தில் அடித்துத் துக்கம் கொண்டாடுவதாகச் சனம் நினைத்தது. முன் வரிசையில் இருந்த நகரசபைப் பெண் கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்துவிட்டா.

பிறகு நீர் தாடையில் கால் வைத்தீர். பலகை போட்டது நல்லதாய்ப் போயிற்று. மாக்கிரட் அக்கா பக்கத்தில் இருந்தவர்களிடம், "அந்தக் காலிலை என்ரை செருப்பும் கிடக்குது" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினாவாம். ஓநாய் விழுந்தபோது ஊரே சேர்ந்து மிதித்த மாதிரிக் கைதட்டினார்கள்.

ஓரிடத்தில் என் தாளம் நின்றுபோனது. நீர் கவனித்திருப்பீர். மன்னியும்.

ஆனந்தராசாவின் கதை முடிந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த முறையும் அவர் பேசாமல் வருவாரா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்கு உம்முடைய பாட்டின் நீளம் நினைவிருக்கிறது போல.

டாக்குத்தரிடம் போய்வந்து எழுதும். நானும் செல்வமலரும் ஒவ்வொரு நாளும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறோம்.

மரியதாசன்


பார்க் எக்ஸ்டென்ஷன்
09.03.2006

அன்புள்ள மச்சான்,

செவ்வாய்க்கிழமை டாக்குத்தர் குழாயை விட்டுப் பார்த்தார். புண் ஆறிவிட்டது. "கதையுங்கோ" என்று பிரெஞ்சில் சொன்னார். இவ்வளவு நாளும் மனதுக்குள் எத்தனை வசனம் கட்டி வைத்திருந்தேன், அத்தனையும் போய்விட்டது. இமெல்டாவைத் திரும்பிப் பார்த்து, "பசிக்குது" என்றேன். அவள் அங்கேயே இருந்து அழுதாள்.

குரல் வந்திருக்கிறது. ஆனால் பழைய குரல் இல்லை. கொஞ்சம் கீழே இறங்கி, கரகரத்துக்கொண்டு வருகிறது. உச்சத்துக்கு இனிப் போகாது என்று டாக்குத்தர் சொன்னார். எனக்கு அது பெரிய அடியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, மச்சான். இன்று காலை முகம் கழுவும்போது மெதுவாக ஒரு அடி பாடினேன். குசினியில் இமெல்டா தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். மேல் வீட்டுக்காரன் தரையில் தட்டவில்லை. அது போதும் எனக்கு.

அந்தப் புத்தகத்தின் கடைசியில் ஒன்று இருக்கிறது, இமெல்டா நேற்று வாசித்துக் காட்டினாள். உலகம் எல்லாம் எரிந்து முடிந்த பிறகும் விதார் சாகவில்லையாம். பழி வாங்கியதோடு அவன் வேலை முடிந்தது. பிறகு பச்சைப் புல்லில் நிம்மதியாக இருக்கிறானாம். சப்பாத்தை என்ன செய்தான் என்று மட்டும் எழுதவில்லை. என்னுடையது வாசலில் கிடக்கிறது. பனி தள்ளப் போகும்போது போடுகிறேன்.

இனி உம்முடைய அலுவல். என்னை ரெலிபோன் எடுத்துப் பேசச் சொல்லி இமெல்டாவிடம் சொன்னீராம். பேசமாட்டேன். செல்வமலரோடு பேசிவிட்டேன், அம்புறோஸோடு பேசிவிட்டேன், கடைக்காரனோடும் பேசிவிட்டேன். உமக்கு மட்டும் இன்னும் என் குரல் இல்லை. நிலவறையில் என்னை வெறுங்கையோடு நிறுத்தினீர் அல்லவா? நானும் ஒரு தெய்வமாக இருந்தவன், பழியைப் பாதியில் விடமாட்டேன்.

உம்முடைய தாளம் ஏன் நின்றது என்று செல்வமலர் இமெல்டாவுக்குச் சொல்லிவிட்டாள். ஆகவே உமக்கும் ஒரு வேஷம் தருகிறேன். என் கொப்பியின் கடைசித் தாளில் நீர் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தீர். அதைக் கிழித்து, என் கையால் எழுதி, ஒரு வெற்றிலையோடு இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். வெற்றிலை வாடிப்போனால் தபால்காரனை ஏசும். தாளைக் கண்ணில் ஒற்றிவிட்டு வாசியும்.

ஆனந்தராசா

(உறைக்குள் இருந்த தாள்)

"உயிர்த்த ஞாயிறு. கோயில். பூசை முடிகிற இடத்தில் ஆனந்தராசா எழும்பி, கீழ்க்குரலில், ஒரு பாட்டுப் பாடுவார். மரியதாசன் முன் வாங்கில் இருப்பார். அவருக்கு மறுபடியும் அழுகை வரும். பேச வேண்டாம்."